பேச முடியாதவரின் அழைப்பு

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவன இயக்குநர் அவர்களே, ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி அமர்ந்திருக்கும், இன்று நாம் நினைவுகூர வந்திருப்பவரின் கணவரே, மகளே, பாதி வேலையில் எழுந்து வந்திருக்கும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் பயத்தோடுதான் இந்த மைக் முன்னால் நிற்கிறேன். ஏன் என்று பேசி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நம் சோதனைப் பிரிவின் தலைவி மறைந்துவிட்டார். நேரில் 'அக்கா' என்போம். முதுகுக்குப் பின்னால் 'பயந்தாங்கொள்ளி' என்போம். அது அவருக்குத் தெரியாதா என்ன? ஒருநாள் காபி இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்று, "பயந்தாங்கொள்ளிக்கும் ஒரு கப் புடிங்கப்பா" என்றார். அன்றைக்கு எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

எதற்குப் பயந்தார்? நாம் செய்வது ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கான மென்பொருள். தூக்கம் கெட்டவன் எழுதிய நிரலை நம்பி வண்டி கிளம்பக் கூடாது என்று, இரவெல்லாம் விழித்தவர்களை வீட்டுக்கு விரட்டினார். எங்கோ ஒரு நிறுவனம் ஆட்களைப் பாதியாகக் குறைத்தது என்று செய்தி வந்தபோது நாங்கள் வியந்து வாயைப் பிளந்தோம். அவர் மட்டும், "போனவங்க என்ன வேலை பாத்துட்டு இருந்தாங்கன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார்.

பிறகு அந்தப் புதிய மென்பொருள் வந்தது. அழைப்பைத் தானே கேட்டு, அவசரமா இல்லையா என்று தானே முடிவெடுக்கும். வெள்ளோட்டத்தின்போது அக்கா அழைப்பு மையத்துக்கே போய், அழைப்பு எடுக்கும் பெண்ணின் அருகில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஓர் அழைப்பு வந்தது. குரல் இல்லை. 'வெற்று அழைப்பு' என்று மென்பொருள் துண்டித்தது.

"இருங்க, ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. திருப்பிக் கூப்பிடுங்க."

"ஏதாவது குழந்தை போனை வச்சு விளையாடும் மேடம்."

"விளையாட்டா இருந்தா நான் திட்டு வாங்கிக்கிறேன். கூப்பிடுங்கம்மா."

கூப்பிட்டார்கள். மறுபடியும் பேச்சில்லை. தட்டும் சத்தம் மட்டும். வண்டி போனது. பக்கவாதத்தில் நாக்கு செயலிழந்த ஒரு முதியவர் சமையலறைத் தரையில் கிடந்தார். கையிலிருந்த தம்ளரால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில், "ஆயிரத்தில் ஒன்று இப்படி நடக்கலாம்" என்று சமாதானம் சொன்னோம். அக்கா எழுந்தார். "அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லுங்க. அவங்க வீட்டுக்குப் போய், உங்களை விட்டுட்டோம்னு நானே சொல்லிட்டு வரேன்." மென்பொருளை வெளியிட ஒப்புதல் தர மறுத்துவிட்டார். அதையே இணையத்தில் தன் பெயர் போட்டு எழுதினார். அதன்பின் யார் யாரோ தொலைபேசியில் மிரட்டினார்கள். மகள் பள்ளி விட்டு வரும் நேரத்தைக்கூடச் சொன்னார்கள்.

"விட்டுடுங்கக்கா, பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்ன? ஆனா பயமே இல்லாதவன் கையில இதைக் குடுத்தா என்ன ஆகும்னு நெனச்சா, அதைவிடப் பயமா இருக்கு."

இதைச் சொன்ன சில மாதங்களில் நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது முகக்கவசத்தை விலக்கிக்கொண்டு, "அந்த சாஃப்ட்வேரை இன்னும் வெளியே விடலையே?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பர்களே, அவருடைய நாற்காலி இப்போது எனக்கு வந்திருக்கிறது. அந்த மென்பொருளுக்கு ஒப்புதல் கேட்டு நேற்று எனக்குக் கடிதமும் வந்துவிட்டது. அனுப்பியவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். இயக்குநர் ஐயா, உங்களை அவமதிப்பது என் நோக்கமல்ல. "அங்க போய் ஏடாகூடமா எதுவும் பேசி வைக்காதீங்க, வீட்டில கைக்குழந்தை இருக்கு" என்று என் மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

நான் ஒப்புதல் தர மாட்டேன். துண்டிக்கும் முன் ஒரு மனிதக் காது கேட்கும் என்ற ஏற்பாடு வரும்வரை தர மாட்டேன். தனியறையில் இதைச் சொல்லியிருந்தால் பின்வாங்கியிருப்பேன். அதனால்தான் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

நாளைக் காலை இயக்குநர் அறைக்குள் என்னைக் கூப்பிடுவார்கள். உங்களில் யாராவது ஒருவர் என்னோடு வாருங்கள்.