நாக்கு நுனியில் ஒரு தழும்பு

சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று சில வீடுகளில் சட்டம் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது ஐயா. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக நானும் என் மனைவியும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரவர் வேலையைத்தான் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் வேறு என்ன பேச்சு இருக்கும்?

என் வேலை உங்களுக்குத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனிக்காக இடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எப்படி இடித்தது, யார் சொல்வது உண்மை என்று எழுதிக் கொடுப்பவன். அவள் ஆஸ்பத்திரியில் மூளை அலைப் பரிசோதனை எடுப்பவள். நோயாளியின் தலையில் இருபத்தொரு கம்பிகளைப் பசை வைத்து ஒட்டுவாள். அதனால் அவளுக்கு அங்கே 'பசை அக்கா' என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை கழுவினாலும் அவள் விரல்களில் அந்தப் பசை வாசனை இருக்கும். எனக்கு அது பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவளை நான் நேசிக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

நான் என் தரப்பில் டிரைவர்கள் விடும் கதைகளைச் சொல்வேன். இடித்தவன் எவனும் கவனிக்கவில்லை என்று சொன்னதில்லை. பிரேக் பிடிக்கவில்லை, நாய் குறுக்கே வந்தது, எதிர் வண்டி விளக்கில் கண் கூசியது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவள் தன் தரப்பில் வலிப்பு நோயாளிகளைப் பற்றிச் சொல்வாள். நடிக்கிறவர்கள் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்களாம், நிஜமாக வந்தவர்களுக்குக் கண் திறந்தே இருக்குமாம். உடம்பு ஓரிரண்டு நிமிஷம் வெட்டி இழுக்கும், பிறகு துவண்டுவிடும். சிலர் உடுத்த துணியிலேயே சிறுநீர் போய்விடுவார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். தெளிந்து எழுந்ததும் 'என்ன ஆச்சு' என்று கேட்பார்கள், பதில் சொன்னாலும் மறுபடி அதையே கேட்பார்கள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் வலிப்பே வரவில்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பெண்டாட்டி பேச்சை இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவளே தன் சிநேகிதிகளிடம் பெருமையடித்திருக்கிறாள்.

எல்லாம் திட்டமிட்டுச் செய்தது என்று அவள் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அது நியாயமில்லை. அதனால்தான் நானே வரிசையாகச் சொல்கிறேன்.

போன வருஷம், காலை ஆறே முக்கால் மணி. நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த லாரியைப் பார்த்து எழுதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிடங்குச் சாலையில் அந்த நேரத்துக்கு ஈ, காக்கை கிடையாது. ஒரு பக்கம் நீளமான மதில், இன்னொரு பக்கம் பேருந்து நிறுத்தம். என் கார் அந்த நிறுத்தத்துக்குள் புகுந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். சலவைக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண், கொஞ்ச நேரம் கழித்து.

முதலில் வந்தவர் சைக்கிளில் பேப்பர் போடுகிறவர். அவர் பார்க்கும்போது என் கண் திறந்திருந்தது, கடைவாயில் ரத்தம், கால்சட்டை நனைந்திருந்தது. அவரிடம் மூன்று தடவை 'என்ன ஆச்சு' என்று கேட்டேன். அவர் அதை ஒவ்வொரு நிருபரிடமும் கண் கலங்கச் சொன்னார். வாழ்நாளில் முதல் வலிப்பு, அதுவும் வண்டி ஓட்டும்போது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். பரிசோதனை சரியாகத்தான் வந்தது. சொந்தக்காரருக்கு எடுக்கக் கூடாது என்பதால் என் மனைவியுடன் வேலை பார்ப்பவர் எடுத்தார். சரியாக வந்தால் ஒன்றும் அர்த்தமில்லை என்று அவளேதான் எல்லாருக்கும் விளக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். டிவியில் ஒரு வாரம் என் காரின் நசுங்கிய மூக்குதான். நினைவு தப்பினவன் மேல் என்ன குற்றம் என்று ஒரு கட்சி, ரெண்டு உயிர் போயிருக்கிறதே, யாராவது பதில் சொல்ல வேண்டாமா என்று ஒரு கட்சி. லைசென்ஸ் வேண்டுமென்றால் மூளைப் பரிசோதனை கட்டாயம் என்றார் ஒருவர். வலிப்பு என்ற பேச்சு வந்தாலே வாழ்நாள் முழுக்க வண்டியைத் தொடவிடக் கூடாது என்றார் இன்னொருவர். என் மனைவி அந்த விவாதத்துக்கே போய் உட்கார்ந்தாள். மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவள். "முதல் வலிப்பு சொல்லிட்டு வராதுங்க. வலிப்பு வந்தவங்க யாரும் குற்றவாளி இல்லை" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. நான் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருத்தி இப்படிப் பேசுகிறாளே என்று டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

தபால்காரரின் மகன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல எனக்குக் கோபம் இல்லை சார், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். பண்பான மனிதர். அவருக்கு என்னால் வேறு எந்த ஆறுதலும் தர முடியாது என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன்.

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். என் மனைவி போனில் 'முட்டை வாங்கிட்டு வாங்க' என்று அனுப்பியிருந்தாள். 'எத்தனை' என்று தட்டினேன். நாலு எழுத்து. நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சு இருந்தது.

கார் நின்றதும் நான் செய்தது வழக்கமான வேலைதான். எந்த விபத்து இடத்துக்குப் போனாலும் முதலில் சாலையில் டயர் தேய்ந்த தடத்தைத் தேடுவேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். தடமே இல்லை. தடம் இல்லையென்றால் டிரைவர் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதிக்கவில்லையென்றால் தூங்கியிருக்க வேண்டும், போனைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது நினைவு தப்பியிருக்க வேண்டும். இப்படி எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். மூன்றில் முதல் இரண்டுக்கும் சிறை. மூன்றாவதற்கு அனுதாபம். இதில் திட்டம் எங்கே இருக்கிறது? ஒரு கணத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டேன், ஆற்றில் விழுந்தவன் கிளையைப் பிடிக்கிற மாதிரி.

அனுப்பாமல் நின்ற அந்த நாலு எழுத்தை அழித்தேன். போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நாக்கைக் கடித்தேன். கடிப்பது லேசில்லை ஐயா, முதல் தடவை பல் படிந்ததே தவிரத் தோல் கிழியவில்லை.

இப்படியே போயிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். ஆனால் அவள் வேலை பார்க்கும் இடத்தில் அடங்கவில்லை. தினமும் சாப்பாட்டில் அதே புலம்பல். ஆறு வருஷமாக ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஒரு தடவைகூட வலிப்பு வராமல் இருந்த பேக்கரிப் பெண் ஒருத்தி. ஸ்கூட்டரில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பாள். கிடங்குச் சாலைச் செய்தியைப் படித்த முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அதைக் கேள்விப்பட்ட மற்றவர்கள் பரிசோதனைக்கு வந்தாலும் வாயைத் திறப்பதில்லையாம். "சும்மா தலை சுத்துச்சுக்கா, வேற ஒண்ணும் இல்லை" என்கிறார்களாம். மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களாம். அந்தப் பேக்கரிப் பெண்ணும் நிறுத்தினாள். குளியலறையில் விழுந்து கிடந்தவளை மறுநாள்தான் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இப்போது ஸ்பூனைப் பிடிக்கவே ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

சட்டம் மாற்றுவதற்காக ஒரு குழு போட்டார்கள் அல்லவா, அவர்கள் முன் பேச அவள் போவதாக இருந்தது. 'என் வீட்டிலேயே நடந்தது' என்று காட்டுவதற்கு என் கேஸ் காகிதங்கள் வேண்டும் என்றாள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. மற்றவர் காகிதத்தை வரிக்கு வரி படித்தே பிழைக்கிறவன், என் காகிதத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்கவில்லை.

அதில் முதல் நாள் பார்த்த டாக்டர் ஒரு நாக்கை வரைந்து, காயம் இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். சின்னப் படம்தான். அவள் அதைப் பார்த்த அன்று சாப்பாட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு அடுப்படி விளக்கின் கீழே என்னைக் கூப்பிட்டாள்.

"நாக்கை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்களேன்."

"டாக்டரம்மா ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. விரலால் நாக்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பசை வாசனை வந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது, உங்களுக்கும் காட்டுகிறேன்.

"நுனியில கடிச்சிருக்கீங்க."

"அதனால என்ன?"

"வலிப்புல நாக்கோட பக்கவாட்டுலதாங்க கடிபடும். பதினெட்டு வருஷமா பார்க்கறேன். நுனியில கடிச்ச ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை."

"இதை நீ எனக்குச் சொன்னதே இல்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். என் நாக்கைப் பிடித்த விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"அன்னைக்கு நீங்க டைப் பண்றீங்கன்னு என் போன்ல காட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு டைப் பண்றீங்கன்னு நினைச்சேன். என் புருஷன் வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்." பிறகு கேட்டாள். "எத்தனை முட்டைன்னு கேட்கத்தானே?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

எனக்கு வலிப்பது இங்கேதான் ஐயா. அத்தனையும் சொன்னவள் பக்கவாட்டு என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்காது. அதற்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெரிந்த பிறகாவது என்னோடு இருந்திருக்கலாம். அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவள் விடிந்ததும் தலையை வாரிக்கொண்டு, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். நம் வீட்டு மேசையில் பேசியது நம் வீட்டு மேசையோடு நிற்கும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையின் கழுத்தை அறுத்துவிட்டாள்.

சலவைக்கூடப் பெண்ணைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

நான் நாக்கைக் கடித்து முடித்தபோது என் பக்கக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பெஞ்சுக்கும் காருக்கும் நடுவே இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி உடைந்திருந்ததால் முகம் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நெற்றியில் நீல நிறத் துணி கட்டியிருந்தாள், வேலைக்குப் போகிறவர்கள் கட்டுவது. தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாலே பிழைத்திருப்பாள் என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். அவசர எண்ணுக்கு மூன்று தடவை தொட்டால் போதும், நாலு எழுத்து அழிக்க நாலு தடவை தொட்டாயே என்றும் கேட்டீர்கள். கணக்கு சரிதான். ஆனால் வலிப்பு வந்தவன் எழுந்து துணி கட்ட மாட்டான், போன் செய்ய மாட்டான். அவள் ஒருவேளை பிழைத்துவிட்டால்? அவள்தானே சாட்சி? அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் உடம்பை வெட்டி இழுக்க ஆரம்பித்தேன்.

கண்ணை மூட முடியாது. மூடினால் நடிப்பு என்று தெரிந்துவிடும். அதனால் பேப்பர்காரர் வரும் வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஒன்பது நிமிஷம். அவள் உதவிக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு, ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளாமல் என் தலையைத் தாங்கிப் பிடித்தாள். "பயப்படாதீங்கண்ணே, ஒண்ணும் ஆகாது. யாராவது வந்துடுவாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கை துவளும் வரைக்கும் சொன்னாள்.

ஒன்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அன்றைக்கு என்னைச் சந்தேகப்படாமல் முழுசாக நம்பியவள் அந்தப் பெண் ஒருத்திதான். என் மனைவியைப் போல அவள் கடைசி நிமிஷத்தில் என்னைக் கைவிட்டுவிடவில்லை.