மொட்டை மாடியில் தவளை

கான்கிரீட் தளம் உறுதியாக வேண்டுமானால் அதன் மேல் தவளை கத்த வேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க நம்பியவன் நான். அப்போது வண்டலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். தளம் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. தாம்பரத்தில் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒரு அம்மாள் தன் வீட்டைக் கட்டும் மேஸ்திரியை மடக்கிக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரிண்ணா, மாடியில தவளை கத்துது. பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. இன்னிக்கு வரப்ப உடைச்சு தண்ணிய வடிக்கப் போறேன்.”

“ஐயையோ, கைய வெச்சுடாதக்கா! தளம் வெடிக்காம இறுகணும்னுதானே மண்ணுல வரப்பு கட்டி தண்ணி நிறுத்திகீறேன்? இன்னும் எட்டு நாள் நிக்கணும்.”

“அப்போ தவளை?”

“கத்தட்டுமே. தண்ணி கீதுன்னு அதுதான் சாட்சி. சத்தமே இல்லாத மாடிதான் பேஜாரு.”

“ராத்திரி பூரா முழிச்சுக்கினு கிடக்கறது நானா, நீயா?”

என் மாடியில் ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை. வழியில் ஏதாவது ஏரிக்கரையில் இறங்கி இரண்டு தவளை பிடித்துப் போகலாமா என்றுகூட யோசித்தேன்.

மூங்கில் ஏணிக்குப் பயந்து அதுவரை மேலே போகாதவன், அன்று ஏறினேன். வரப்புக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் விட ஏற்பாடு செய்திருந்த ஆள் மூன்று நாளாக வரவில்லையாம். கிணற்றில் இறைத்து, அதே ஏணியில் பதினெட்டு வாளி சுமந்தேன். தளத்தில் முடியளவு விரிசல் இரண்டு விழுந்திருந்தது. என் மேஸ்திரி சிமென்ட் பால் ஊற்றி அடைத்தார். இதுவரை ஒழுகவில்லை.