சர்க்கரையும் மருமகளும்

— விரலை நீட்டுங்க மாமி.

— வேண்டாம் சாஜியா. இனிமே சர்க்கரை பாக்கக் குத்திக்கறதா இல்லை.

— மெத்தையைத் தட்டினா மாத்திரையா கொட்டுது. அதையும் முழுங்கறதா இல்லையா?

— முழுங்கி என்னத்தைக் கண்டேன், கேட்டியா? போன்ல ஒருத்தர் சொல்றார். மனசுல அடிபட்டுத்தான் சர்க்கரை வருதாம். மனசு ஆறினா தானா இறங்கிடுமாம். ஆலிவ் இலையை வேகவச்சுக் குடிச்சாப் போதுமாம்.

— வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வருவானே, அவனா?

— அவர் டாக்டர்.

— எந்த ஆஸ்பத்திரி? என்ன பேர்? சரி விடுங்க. வீடியோ முடியறப்போ அந்த ஆலிவ் தண்ணி பாட்டிலுக்கு விலை சொல்றானே, அதைப் பாத்தீங்களா? இருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்லிட்டு தன் மருந்தை விக்கிறவன் டாக்டர் இல்லை மாமி, வியாபாரி.

— கைருவான் கடைத்தெருவுல பொறந்தவ நான். எனக்கே வியாபாரியைக் காட்டறியா?

— காட்டலை. இலைத் தண்ணியைக் குடிச்சுட்டு மேலே ரெண்டு மக்ரூத் இனிப்பு தின்னீங்களே, தட்டுல பாகு ஒட்டியிருக்கு. அதைத்தான் காட்டறேன்.

— தின்னேன். ஆனா மனசு விஷயத்துல அவர் சொன்னது நிஜம். உன் நிக்காஹ் அன்னைக்குத்தானே நான் மயங்கி விழுந்தேன். என் அக்கா மகளை என் பிள்ளை ஹெடிக்குப் பேசி வச்சிருந்தேன், நீ வந்து நின்னே. நீ வந்தே, சர்க்கரையும் வந்துச்சு. ரெண்டும் போகமாட்டேங்குது.

— கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. உங்களுக்குச் சொல்லி அலுக்கலையா?

— அலுப்புதான்.

— காலைக் காட்டுங்க. பாருங்க, இந்தப் புண் ஆறவே இல்லை. இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டிவரும்னு நர்ஸ் பஸ்மா சொன்னாளா இல்லையா? உங்க அம்மாவுக்குக் காலையே எடுத்தாங்க. அவங்க மனசுல யார் அடிச்சா?

— என் அம்மாவை இழுக்காதே.

— இழுக்கலை மாமி. இது குடும்பத்துல ஓடற வியாதி. வருஷக்கணக்கா சத்தம் போடாம உள்ளுக்குள்ளே ஏறிக்கிட்டே இருக்கும். வருத்தத்துல அன்னைக்குக் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். நான் சொன்னா நம்பமாட்டீங்க. சுகாதார நிலையத்துக்கு வாங்க, பஸ்மாவையே கேளுங்க.

— கேக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— உன் கல்யாணத்துக்கு முந்தின ரமலான்லயே நாக்கு வறண்டு செத்தேன். நோன்பு துறந்ததும் குடம் குடமா தண்ணி குடிப்பேன். கால் எரியும். நான் விழுந்த அன்னைக்கு வந்த டாக்டரும் சொன்னார், இது இன்னைக்கு வந்ததில்லை, ரொம்ப நாளா இருக்குன்னு.

— தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷமா என் தலையில போட்டீங்க?

— முதல்ல கோவம். அப்புறம் ஹெடி உன்னை விவாகரத்து பண்ணிட்டு பிரான்ஸ் போய் மார்செய்ல இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டான். இந்த வீட்ல உனக்கு என்ன ஒட்டு மிச்சம்? அந்தப் பழி ஒண்ணுதான்.

— சரி விடுங்க. மாத்திரையை ஏன் ஒளிச்சீங்க?

— உன் அண்ணன் ஃபெத்தி சூஸா ஊர்ல இருந்து போன்ல பேசினானே. வந்துடும்மா, உன் அறை காலியாத்தான் இருக்குன்னு. கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். சர்க்கரை ஏறி நான் கிடந்தா, நம்மாலதானே வந்துச்சுன்னு நீ போகமாட்டேன்னு நினைச்சேன்.

— அதுக்குக் காலையே கொடுக்கப் பாத்தீங்களா?

— கால் போனா போகுது. தனியா இருக்கத்தான் பயமா இருக்கு, கேட்டியா. இப்போ வாயை விட்டுட்டேன். சர்க்கரை உன்னால வரலைன்னு ஆனப்புறம் நீ எதுக்கு இங்கே இருக்கணும்?

— ஹெடி போறதுக்கு முன்னாடியே என்னால வரலைன்னு பஸ்மா எனக்குச் சொல்லிட்டா மாமி. விரலை நீட்டுங்க.