சாகறவன் சொன்ன மாமா

மருமகன்: ...அதெப்படி மாமா, நெஞ்சுல கத்தியோட கெடக்கறீங்க. "மாமா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. பொசுக்குன்னு செத்துடறீங்க.

மாமனார்: அந்தப் படத்த யாரு காட்டுனா உங்களுக்கு? ரெண்டு நாள்கூட ஓடலையே.

மருமகன்: போன்ல கெடச்சுது. அந்த ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டு கிராமத்துல இருக்கற மாமா அத்தனை பேரையும் போலீஸ் புடிக்குது. தாய்மாமன், மாமனார், அக்கா புருஷன்... கல்யாணத் தரகர்கூட ஜீப்புல ஏறுறாரு. சிரிச்சு வயிறு வலி. ஆனா கொன்னது யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லலையே?

மாமனார்: அவங்களுக்கே தெரிஞ்சாத்தான... பேன்ட்டக் குடுங்க, தையல் மெஷின் சும்மாத்தான் இருக்கு. முட்டி நல்லாவே கிழிஞ்சிருக்கு. இதென்ன செகப்பா?

மருமகன்: மை மாமா. ஆபீஸ்ல கொட்டிடுச்சு. யாரு கொன்னது, அதச் சொல்லுங்க.

மாமனார்: மொதல்ல எழுதுன கதையில மில்லுக்காரன். சாகும்போது அவன் பேரச் சொல்லணும். எனக்கிருந்த ஒரே வசனம்.

மருமகன்: மறந்துட்டீங்களா?

மாமனார்: எங்க மறந்தேன்... கேமராவுக்குப் பின்னாடி உங்க மாமியாரோட அப்பா நிக்கறார். பொண்ணு பேசி முடிச்ச நேரம். கடையில தைச்சுக்கிட்டிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன்.

மருமகன்: அடக்கடவுளே. அதான் கண்ணுல அவ்ளோ பயமா?

மாமனார்: வாயில "மாமா"தான் வந்துச்சு. திருப்பி எடுக்க பிலிம் இல்ல. டைரக்டர் தலையில கைய வச்சவர், கதையவே மாத்திட்டார்.

மருமகன்: அவரு... பொண்ணு இல்லைன்னு சொல்லலையா?

மாமனார்: வேலை நாள்ல இதக் கேக்கவா வந்தீங்க?

மருமகன்: சும்மா... தெரிஞ்சுக்கலாமேன்னு.

மாமனார்: "பொணத்துக்கெல்லாம் பொண்ணு கெடையாது"ன்னார். அப்புறம் படத்தப் பாத்துட்டு வந்து, "அந்தப் பயம் நெஜமா"ன்னார். ஆமான்னேன். "அப்ப பொழச்சுக்குவே"ன்னுட்டுப் போனார்.

மருமகன்: ஒருவேளை... நடிக்கறதுக்காக நீங்க கடையவே விட்டிருந்தா?

மாமனார்: இந்த எறும்பக் கொஞ்சம் தட்டிவிடுங்க. பேன்ட் பூரா மொய்க்குது.

மருமகன்: தட்டத் தட்ட ஏறுது மாமா.

மாமனார்: அன்னிக்கு என்மேலயும் இப்படித்தான் மொய்ச்சுது. ரத்தம்னு சாயத்துல சர்க்கரைப் பாகக் கலந்து ஊத்துனாங்க. மை இனிக்காது மாப்ளே.

மருமகன்: மாமா...

மாமனார்: அதே மாதிரியே சொல்றீங்க. எம் பொண்ணுக்குத் தெரியுமா?

மருமகன்: தெரியாது. வேலைய விட்டுட்டேன் மாமா. தெனமும் ஆபீஸ்னு சொல்லிட்டு ஷூட்டிங்தான் போறேன்.

மாமனார்: என்ன வேஷம்?

மருமகன்: பொணம். நாளைக்கும் இருக்கு... வசனம் எதுவும் இல்ல.

மாமனார்: அதுவும் நல்லதுதான். நாளைக்கு எம் பொண்ணக் கூட்டியாந்து கேமராவுக்குப் பின்னாடி நிறுத்தறேன். வாயத் தொறக்காம சாகறீங்களான்னு பாப்போம்.