துரைப்பாண்டியின் கணுக்காலும் ஊரார் வைத்தியமும்

அவைக்குத் தலைமையேற்று அழகு செய்யும் பெரியவர், உதவி என்று வந்தவரை ஒருநாளும் திருப்பி அனுப்பாத சங்கரசுப்பு அண்ணாச்சி அவர்களே, புளியங்குடியிலிருந்து வந்து, இன்று பிற்பகல் எங்களிடம் தோற்றும் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வீரர்களே, சங்கரன்கோவில் நகரத்துச் சான்றோர்களே, பந்தலின் இடப்புறம் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பந்தல்காலைப் பிடித்துத் தொங்கும் தம்பிமார்களே, சடுகுடுக் கழகத்தின் செயலாளனும் உங்கள் பிள்ளைகளின் டிரில் வாத்தியாருமான ஏசுவடியானின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெற்றியைப் பாடத்தான் என்னை மேடையேற்றினீர்கள். வீரத்தைப் பாடலாம், வேகத்தைப் பாடலாம், நாளைய இறுதியாட்டத்தில் நாம் வாங்கப்போகும் கோப்பையையும் பாடலாம். ஆனால் என் மனம் முழுவதும் ஒரு கணுக்காலில் கிடக்கிறது. சீழ்க்கையடிக்கும் தம்பி, சற்றே பொறு. நான் எரிச்சலில் இருக்கிறேன்.

கடைசிச் சுற்றில் எதிரணிக்குள் பாடிப் போன நம் துரைப்பாண்டி கால் பிரண்டு விழுந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். விரல்களை அசைத்தான், காலை ஊன்றி நின்றான், எலும்பு முறியவில்லை. கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லி, அவனை உட்கார வைத்துக் காலைப் பெஞ்சில் தூக்கி வைத்துவிட்டு, பானைத் தண்ணீரில் துணி நனைக்கப் போனேன். தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் என்ன கோலம் தெரியுமா? ஒருவர் வேப்பெண்ணெய் ஊற்றி உருவுகிறார். ஒருவர் விரலைச் சொடுக்கு எடுக்கிறார். ஒருவர் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துக்கொண்டு நிற்கிறார். இன்னொருவர் செங்கல்லைச் சுட்டே கொண்டுவந்துவிட்டார். மருதப்பன் டீக்கடை அடுப்பில் சுட்டாராம். அந்தக் கணுக்கால் உங்களுக்கு என்ன கொடுமை செய்தது? பிரண்ட காலுக்குப் பகையாளிகூட இவ்வளவு செய்யமாட்டானே.

தாய்மார்களே, நீங்களாவது கேளுங்கள். பிள்ளை கால் பிரண்டு வந்தால் உருவாதீர்கள், இழுக்காதீர்கள், சூடு வைக்காதீர்கள். ஈரத்துணியைச் சுற்றிச் சுற்றி மாற்றுங்கள். வீக்கத்துக்கு மேல் துணிக்கட்டு போடுங்கள். விரல் மரத்துப் போகும்படி இறுக்காதீர்கள். தலையணைமேல் காலை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். காலை ஊன்றவே முடியவில்லையென்றால் ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போங்கள். முழங்கால் சிராய்த்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணை அள்ளி அப்பாதீர்கள், காப்பித்தூளை அப்பாதீர்கள். காயத்துக்கு எதற்கு ஐயா காப்பி? "மூக்கில ரத்தம் வந்தா?" என்று ஓர் அம்மா கேட்கிறார்கள். தலையை அண்ணாத்தாமல் முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் தாயே. இதற்குச் செலவு ஏதுமில்லை. அதனால்தான் உங்களுக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

இனி சொல்லப்போவது வேறு யாரும் சொல்லத் துணியாதது. தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னே கால் நீட்டிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று இந்த ஊர் நம்புகிறது. நம் தலைவர் அப்படிப் பிறந்தவர். விடிந்தால் அவர் வாசலில் கூட்டம். இடுப்பு பிடித்தவர், கழுத்து திரும்பாதவர், கால் பிரண்டவர் எல்லோரும் வந்து மிதி வாங்கிப் போகிறார்கள். போன ஆண்டு நம் காளிராஜும் போனான். லேசாக வீங்கிய காலோடு போனவன், பிறகு எலும்பு விலகி, மாவுக்கட்டு போட்டு, இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். அவன் மறுபடி ஆடுகளத்தில் இறங்கவே இல்லை. குற்றம் மிதித்தவர் மேலா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நம் மேலா?

அங்கே என்ன சலசலப்பு? ஏன் கூட்டம் விலகுகிறது? ஐயோ, துரைப்பாண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்கே வருகிறார்களே. இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? "அண்ணாச்சி ஒரு மிதி மிதிச்சா நாளைக்கு ஆடிருவான், வாத்தியாரே" என்கிறார்கள்.

அவன் நாளைக்கு ஆடமாட்டான். கூச்சலிடுங்கள், நான் அசையமாட்டேன். கோப்பை போனால் அடுத்த ஆண்டு வரும். இவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரியாதா உங்களுக்கு? தறிக்குழியில் இறங்கி மிதிபலகையை மிதிக்கிறவன். கால் மிதித்தால்தான் தறி ஓடும், தறி ஓடினால்தான் அடுப்பு எரியும், அடுப்பு எரிந்தால்தான் தகப்பனில்லாத அந்த வீட்டில் தங்கைமார் சாப்பிடுவார்கள். நாளைக்குக் கை தட்டிவிட்டுப் போகிற நீங்கள், மறுநாள் அந்தக் குழியில் இறங்கி மிதிப்பீர்களா? யார் மிதிப்பீர்கள், சொல்லுங்கள்?

அதோ, பாயிலிருந்து அவன் தாய் இசக்கித்தாய் எழுந்து வருகிறார்கள். வழிவிடுங்கள். ஒலிபெருக்கி எட்டாது, அவர்கள் சொன்னதை நான் சொல்கிறேன். "அண்ணாச்சி, ஒங்க காலத் தொட்டுக் கேக்கேன். எம் மகன மிதிச்சிராதிய."

தலைவர் என் கையைப் பிடித்து இழுக்கிறார். சரி அண்ணாச்சி, நீங்களே பேசுங்கள், ஒலிபெருக்கி இதோ.

"வேய், நானா மிதிக்கணும்னு நின்னேன்? காலெடுக்க முடியாம நாலஞ்சு வருசமா எனக்கே முட்டு வலி. கும்புட்டுக்கிட்டு வாறவங்கள எப்படிப் போங்கன்னு சொல்ல? வேண்டாம்னு ஒரு ஆள் சொல்ல மாட்டானான்னு இருந்தேன். இன்னைக்கு இந்தத் தாயி சொல்லிட்டா. அந்தப் பயல எறக்கி வீட்டுக்குக் கொண்டு போங்கல."

கேட்டீர்களா? இறக்குங்கள், மெதுவாக. பிடித்து நடத்தாதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள். ஊரே கேட்க உண்மை சொன்ன தலைவருக்கும், ஊரே எதிர்த்தாலும் பிள்ளை பக்கம் நின்ற தாய்க்கும், இப்போதாவது வாயை மூடிய உங்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.

யாராவது தலைவரின் முட்டுக்கு ஒரு ஈரத்துணி கொண்டுவாருங்கள். உருவிவிட யாரும் வராதீர்கள்.