தட்டிக் கொடுத்த கத்தி

கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசக்கூடாது, விதானையார். கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியை இழுத்துப் பிடிக்கும். பூவரசு வெட்டினால் மண்ணெண்ணெய்த் துணியால் பால்கறையைத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். என் காட்டுக்கத்தி அப்படித்தான் இருக்கும். ஊருக்குப் பொறுப்பான அரசாங்க ஆளாக, நீங்கள் பக்கத்து வளவு ஜெயரூபனின் கைக்கு நடந்ததை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். கத்தியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

இந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் இரவல் போவது என் கத்திதான். மற்றவர்களிடம் கத்தி இல்லாமலில்லை. துருவேறி, பிடி ஆடிக்கொண்டு கிடக்கும். நான் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டேன். நிலத்தில் வைப்பேன், வாங்குகிறவர் எடுக்க வேண்டும். அதற்கு முன் பிடியைக் கிணற்றுக்கட்டில் தட்டி, அலகை அசைத்துப் பார்ப்பேன். அலகின் வாலை அரக்கு உருக்கித்தான் பிடிக்குள் இறுக்குவார்கள். அரக்கு விட்டுப்போனால், ஓங்கும்போது அலகு கழன்று எங்கே போகுமென்று ஒருவருக்கும் தெரியாது. "பரமண்ணை தட்டித் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம்" என்று மருதனார்மடம் சந்தைவரை கதைப்பார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஜெயரூபன் ஓட்டோ ஓடுகிறவன். சிரித்த முகம், நல்ல பொடியன். சிரித்துச் சிரித்தே என் காணியைத் தின்ற நல்ல பொடியன். கதியால் என்றால் உங்களுக்குத் தெரியாததா, வேலிக்கு நடுகிற பூவரசந்தடிதானே. ஒவ்வொரு மாரிக்கும் பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதிது நடும்போது, ஒரு சாண் என் பக்கம் தள்ளி நடுவான். நான் வைத்த எலுமிச்சை கடைசியில் அவன் வளவில் காய்த்தது. நான் சண்டைக்குப் போகவில்லை. வேலிக்காகக் கோடேறி வழக்காடி, இருந்ததையெல்லாம் அப்புக்காத்துமாருக்குக் கொடுத்த சனத்தை நான் பார்த்திருக்கிறேன். "கதியால் நல்லாத் துளிர்த்திருக்கு, ஜெயரூபன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து பல்லைக் கடிப்பேன்.

இந்த மாரியும் வந்தான். "அண்ணை, கதியால் கொஞ்சம் வெட்டோணும். உங்கடை கத்தியை ஒருக்காத் தாறியளே?" என்றான். என் நிலத்தைத் தின்ன என் கத்தியையே கேட்கிறான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அதுக்கென்ன, நாளைக்கு விடிய வந்து எடு" என்றேன்.

பிடி அப்போதே கொஞ்சம் ஆடியது. எனக்குத் தெரியும்; சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. பொலிசாரிடம் இதைக்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் இதோடு நிறுத்தலாமென்று இருந்தேன். ஆனால் அது பொய். பிடி ஆடவேயில்லை. அன்று பின்னேரம் கத்தியின் கழுத்தை அடுப்பில் காய்ச்சி, அரக்கை இளக்கி, அலகைக் கழற்றியது நான். அரக்கைச் சுரண்டிவிட்டு, எடுத்தவுடன் ஆடித் தெரியக்கூடாதென்று வாலில் நூல் சுற்றித் திரும்பச் செருகினேன்.

விடிய வந்தவன் கத்தியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தட்ட வேண்டுமே. தட்டினேன். கிணற்றுக்கட்டில் அல்ல, மண்ணில், மெதுவாக. அலகை அசைப்பதுபோல அசைத்தேன். "ஓம், இறுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லி நிலத்தில் வைத்தேன். அவன் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

தடியை இடக்கையால் மரக்குத்தியில் நிறுத்தி, நுனியைச் சரித்துச் சீவும்போது அலகு கழன்று மணிக்கட்டில் இறங்கியிருக்கிறது. சத்தம் கேட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடினேன். உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டுப்போட்டதும், மடியில் வைத்துப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். உயிர் தப்பினான். நரம்பு அறுந்ததில் விரல்கள் மடங்காது. ஓட்டோவுக்குக் கிளச்சும் கியரும் இடக்கையில். அது இப்போது தறப்பாளால் மூடிக் கிடக்கிறது.

அவன் பொலிசாரிடம் சொன்னதை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். "அண்ணை தட்டிப் பாத்துத்தான் தந்தவர். நான்தான் பிழையாப் பிடிச்சிட்டன்." அவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவன் மனைவி தர்சினி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். "உங்கடை காணிக்கு ஆசைப்பட்டதுக்குத்தான் கடவுள் தந்தது, அண்ணை. பழைய எல்லைக்கே வேலியை அடையுங்கோ" என்றாள். மனிதனாயிருந்தால் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் அந்தக் கிழமையே ஆள் பிடித்து வேலியைத் தள்ளி அடைத்தேன். எலுமிச்சை என் பக்கம் வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, விதானையார். ஒழுங்கையால் நடக்க முடியவில்லை. எதிரே வருகிறவர்களெல்லாம் என்னை நல்ல மனுசன் என்கிறார்கள்.

ஒரு சின்னக் காயம் பட்டு, இந்த மாரிக்கு வேலி வேலை நின்றால் போதுமென்றுதான் நினைத்தேன். கடவுளறிய அவ்வளவுதான். தினமும் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பிடியைச் செருகிய பிறகு நான் கத்தியைச் சாக்கில் சுற்றவில்லை. சாணைக்கல்லை நனைத்து வைத்துக்கொண்டு, முன்கை மயிரை வழிக்கிற பதம் வரும்வரை தீட்டினேன். கதியால் சீவ அவ்வளவு கூர் தேவையில்லை.