ஒரு வீட்டுக்கு ஒரு சாவி

எனக்கு ஒரு சாவி வேண்டும் என்றுதான் கேட்டேன். வீட்டுச் சாவி. நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனமும் கேட்கவில்லை. அதுதான் ஏற்கெனவே அமைந்துவிட்டதே. மூன்றாவது மாடி, இரண்டு அறை, நின்று திரும்பினால் முழங்கை இடிக்கிற சமையலறை. கல்யாணமாகிப் பதினோராவது நாள்.

அம்மா கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். "எதை வேணா கேளுடி, சாவியை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதே." இருபத்திரண்டு வருஷம் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தவள் அவள். அவளுடைய தொழிலில் சாவி கேட்கிறவள் திருடி. கதவு திறக்கிறவரைக்கும் வாசலில் நிற்கிறவள் நல்லவள். ஐந்து வீட்டிலும் அவளுக்கு நல்ல பெயர்தான். என் கல்யாணத்தை அவள் ஆறாவது வீடு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான் பட்டம் வாங்கியவளாயிற்றே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எனவே கேட்டேன்.

என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் கோபப்படுகிறவர் இல்லை. படிப்படியாக விளக்குகிறவர்.

"இங்க பாரு, ஒரு வீட்டுக்கு ஒரு சாவி போதும். ரெண்டு சாவி இருந்தா அது ரெண்டு வீடு."

"நான் நாலரைக்கே வந்துடுவேன். நீங்க வர ஆறரை ஆகுமே."

"அதனால என்ன? படியில வெயில் படாது."

சார், இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் நம் கடையில் கண் பார்த்து எண் எழுதிக் கொடுக்கிறவர். நான் பின்னறையில் அந்த எண்ணுக்கு லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவள். என் வீட்டுக்காரரின் கண்ணாடியைத் திங்கட்கிழமை எடுத்துவரச் சொன்னீர்கள். "நானே ஒரு தடவை மெஷின்ல வச்சுப் பார்த்துடறேம்மா" என்றீர்கள். உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்? நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடி வந்த வாரமே அவர் பழைய பூட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். வெளியே இருந்து மட்டுமல்ல, உள்ளே இருந்து திறக்கவும் சாவி வேண்டும் அதற்கு. "பாதுகாப்பு" என்றார். யாரிடமிருந்து யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் எவ்வளவுதான் கேட்பது.

அவருக்குக் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிற உத்தியோகம். கோடு நேராக இருக்கிறதா, அளவு சரியா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கண் சாயங்காலம் வீட்டுக்கும் வரும். டம்ளர்கள் வரிசை தப்பினால் அதற்குத் தெரியும். துவைத்த துணியில் மடிப்புக் கோணினால் தெரியும். எங்கள் கல்யாணப் போட்டோவை ரசமட்டம் வைத்துத்தான் மாட்டினார். குமிழி நடுவில் வந்து நிற்கிறவரை நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். "உங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்லை, பரவாயில்லை, கத்துக்கலாம்" என்றார். பெரிய மனசு.

நூறு நாள், வேலை நாட்களை மட்டும் சொல்கிறேன், படியில் உட்கார்ந்தேன். இரண்டாவது வாரத்தில் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்னம்மா, சாவியைத் தொலைச்சிட்டியா?"

"ஆமாங்க்கா."

"தினமுமா தொலைக்கிறே?"

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. அவ்வப்போது தண்ணீர் மட்டும் கொடுத்தார். எந்தப் படி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மேலிருந்து ஆறாவது படியின் விளிம்பு ஓர் அங்குலம் உடைந்திருக்கும்.

இரண்டாவது மாதம் அவருடைய அலுவலகத்திலிருந்து நாலு பேர் சாப்பிட வந்தார்கள். ஒருவர் நான் என்ன செய்கிறேன் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "ஒரு கண்ணாடிக் கடையில நிக்கிறா."

நிற்கிறேனாம். ஆனால் உட்கார்ந்து செய்கிற வேலை அது. மூன்று வருஷம் படித்துவிட்டுச் செய்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். கீறல் விழுந்துவிட்டதாம். "உங்க கடையில மாத்திட்டு வா. நல்ல ஆளாப் பார்த்துச் செய்யச் சொல்லு."

நல்ல ஆளைத் தேடி நான் எங்கே போவது? பின்னறையில் இருப்பது நான் ஒருத்திதான்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன், இந்தக் காகிதம் வேறு யார் கைக்காவது போகக்கூடும். அவருக்குச் சாய்வுக் குறை, சிலிண்டர் பவர் என்பார்களே, அது அதிகம். அந்தக் குறைக்கு எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதுதான் உயிர். கோணம் கொஞ்சம் திரும்பினாலும் நேர்க்கோடு சாயும், எழுத்துக்கு நிழல் விழும். நான் ஐந்து பாகை திருப்பினேன். கோபம்கூட இல்லை அப்போது. நேராக இருப்பதைப் பற்றி இவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரிகிறதா பார்க்கலாம் என்கிற ஆர்வம், அவ்வளவுதான்.

தெரியவில்லை. இரண்டு நாள் தலைவலி என்றார். மூன்றாம் நாள் எழுந்துபோய்ப் போட்டோவைச் சற்றே இடது பக்கம் இறக்கி வைத்தார்.

"இப்ப நேரா இருக்கா?"

"நேராத்தாங்க இருக்கு" என்றேன். கணவன் சொல்வதை ஆமோதிக்கிற மனைவி என்று அன்றைக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

தலைவலி என்று அடுத்த மாதம் கண்ணாடியை மறுபடி கொடுத்தார், பத்துப் பாகை. அடுத்தது பதினைந்து. ஒவ்வொரு தடவையும் உங்களிடம் அழைத்து வந்தேன், ஞாபகம் இருக்கும். உங்கள் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். எண் மாறவே இல்லை என்றீர்கள். அப்படியென்றால் போட்டிருக்கிற கண்ணாடியில் கோளாறோ என்று அதன் எண்ணையும் கோணத்தையும் மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். நம் கடையில் அந்த மெஷினில் வைத்துப் பார்த்து எழுதுகிற வேலை யாருடையது? அழகாக எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தைப் பாராட்டினீர்கள்.

கண் சரி, கண்ணாடி சரி. அப்புறம் கோளாறு ஆளிடம்தானே இருக்க முடியும்? மன உளைச்சலாக இருக்கலாம் என்று முடிவு செய்து என்னைத் தனியே அழைத்தீர்கள். "கொஞ்சம் அனுசரணையா நடந்துக்கம்மா."

நடந்துகொண்டேன். இருபது பாகை.

அந்த மாதம் அவர் ஒரு வரைபடத்தில் மூன்றை எட்டு என்று படித்துச் சரி போட்டு அனுப்பிவிட்டார். ஏற்கெனவே எழும்பி நின்ற கட்டடத்தில் கதவு பொருத்தித் திறந்தால் எதிரே சுவர். ஒன்றல்ல, நாலு மாடியிலும் நாலு கதவு. அலுவலகத்தில் நல்லபடியாகத்தான் பேசினார்களாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். குணமான பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்களாம். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அவர் வீட்டில் உட்கார்ந்தார். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எங்கள் கல்யாண வாழ்க்கையின் நல்ல காலம் அப்போதுதான் ஆரம்பித்தது. சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவார். டம்ளர் வரிசை பற்றிப் பேச்சே இல்லை. ஒருநாள் சாவித் துளை தெரியாமல் கதவெல்லாம் கீறிவிட்டு, கொத்தை என் கையில் வைத்தார். "நீயே திற. இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்." குரல் உடைந்திருந்தது. எனக்கும் கண் கலங்கியது. ஒரு வார்த்தை கேட்டதற்கு ஐந்து மாதம் கழித்துக் கிடைத்த பதில் அல்லவா.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பழைய கண்ணாடி, பழைய உத்தியோகம், பழைய சாவி என்று எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். என் இடம் படி.

அவர் படியில் விழுந்தது மட்டும் நான் செய்தது இல்லை. நான் கடையில் இருந்தபோது காற்றாட இறங்கியிருக்கிறார். ஆறாவது படி. மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அந்த விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம்தான். படியைப் பற்றி அவர் என்னிடம் எப்போதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டினேன். அவருடைய பாதுகாப்புக்கு. தையல்கார அக்காகூடச் சொன்னார், "உன்னை மாதிரி யாரு பார்த்துப்பா" என்று.

போன வாரம் அவர் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "பகல் பூரா அடைஞ்சு கிடக்கிறேன். எனக்கு ஒரு சாவி வெட்டிக் குடேன். வாசல்ல போய் நின்னுட்டு வந்துடறேன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவி போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது அப்போ சொன்னதும்மா."

"இப்பவும் ஒரு வீடுதாங்க."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருக்க எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது. எனக்கு நூறு நாள் ஆயிற்று.

நேற்று நீங்கள் அந்தக் கண்ணாடியைக் கேட்டதும் இரண்டு விஷயம் முடிவு செய்தேன். முதலாவது, கோணம் பிசகாமல் ஒரு கண்ணாடி. இன்று மதியம் கடை மூடுவதற்குள் வெட்டினேன். இதுவரை நான் செய்ததிலேயே நேர்த்தியானது அதுதான், வேண்டுமானால் மெஷினில் வைத்துப் பாருங்கள், நீங்களே வைத்துப் பாருங்கள். இரண்டாவது, என் துணிப்பை. ஒரே பைதான். வந்ததும் ஒன்றோடுதான்.

கண்ணாடியை மேசையில் வைத்து, "புதுசு வந்திருக்கு, அப்புறமாப் போட்டுப் பாருங்க" என்றேன். வெளியே வந்து பூட்டினேன். இப்போது மணி நாலு. முக்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே எனக்கு நன்றாக எழுத வரும்.

உள்ளே கண்ணாடியைப் போட்டுவிட்டார். சத்தம் கேட்கிறது.

"தெரியுது" என்கிறார். "ஏம்மா, எங்க இருக்கே? இங்க வா. எல்லாம் தெரியுது." அழுகிறார் என்று நினைக்கிறேன். பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் சாவியைக்கூடக் கையில் எடுத்தேன்.

அப்புறம் சுவர் வரைக்கும் நடக்கிற சத்தம். பிறகு, "இந்தப் போட்டோவை யாரு இவ்வளவு கோணலா மாட்டினது?"

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போது கதவுப் பிடி அசைகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிடி மறுபடி அசைகிறது. போன் அவரிடம் இருக்கிறது, கவலை வேண்டாம். ஆனால் பெண்டாட்டி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள் என்று அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். படியில் உட்கார வைத்திருக்கிறார் என்று நான் மட்டும் யாரிடம் சொன்னேன்? சோறு இருக்கிறது, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். இந்தக் காகிதத்தையும் சாவியையும் ஒரே உறையில் போட்டுக் கடைக் கதவின் இடுக்கில் தள்ளிவிட்டுப் பஸ் ஏறுவேன். நாளை கடை இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு நீங்கள் திறப்பீர்கள். நாற்பது மணி நேரம். நான் படியில் உட்கார்ந்தது இருநூறு. ஐந்தில் ஒரு பங்குதான் வாங்கிக்கொள்கிறேன். என்னைவிட நியாயமானவள் கிடைப்பாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று கேட்பீர்கள். நம் கடைக்கு அடுத்த கடையில் சாவிதானே வெட்டுகிறார்கள், ஐந்து நிமிஷ வேலை, ஒருநாள் காலையில் அவர் குளிக்கும்போது கொத்தை எடுத்துப்போய் ஒன்று வெட்டிக்கொண்டிருக்கலாமே, இவ்வளவும் நடந்திருக்காதே என்று. அது எனக்கும் தோன்றியது. முதல் வாரமே தோன்றியது.

எழுந்துவிட்டேன். முக்காலியை அக்காவின் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆறாவது படியில் பார்த்து இறங்க வேண்டும்.

கேட்காமல் அடுத்தவர் பொருளில் கை வைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது, சார். அம்மா எங்களை அப்படி வளர்க்கவில்லை.